வைப்பரில் சிக்கிய தேங்காய்த் தும்பு

என் அண்ணன் இன்றைக்கும் காலையில் பேப்பரை விரித்துவைத்து, மரண அறிவித்தல் பக்கம்வரை வாசிக்கிறார். தலையை மேலும் கீழும் அசைத்து அசைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் வாசிக்கிறார். அந்த மிச்சப் பார்வை போகாமல் நின்றதற்கு நான் ஒரு தேங்காய்க்கும், மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இன்ஷூரன்ஸ்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்படியானால் டாக்டர்மார் என்று கேட்பீர்கள். அவர்களுக்கும்தான். ஆனால் அவர்களிடம் நாங்கள் போய்ச் சேர்ந்ததே என் காரின் முன்கண்ணாடி உடைந்ததால்தான்.

நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அதே தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். குடியிருந்தது மட்டும் கட்டுகஸ்தோட்டையில், வாடகை வீட்டில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மழை நாளில் சேலையைப் பிழிந்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். மலையிலிருந்து பச்சைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு இறக்குகிற வேலை. நான் ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன் என்றதும், முற்பணத்தில் பாதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். காருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தபோது ஏஜென்ட் முன்கண்ணாடிக்கு என்று தனியாக ஒரு சின்னத் தொகையைச் சேர்த்தார். இருபதாயிரம் ரூபாய்வரை கண்ணாடி மாற்றித் தருவார்களாம். "கண்ணாடிக்குத் தனியா, கதவுக்குத் தனியா, ஹோனுக்கும் தனியா கேப்பீங்களோ?" என்று அந்த மனிதரை ஆபீஸ் என்றும் பார்க்காமல் பிடித்தேன். அவர் பேனாவை மூடவில்லை. "இருக்கட்டும் மிஸ், ஒரு நாளைக்கு என்னைய நெனச்சுக்குவீங்க" என்று எழுதி முடித்தார். அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

கார் வந்த வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை. எங்கள் ஆட்கள் புதுசோ பழசோ ஒரு வண்டி வாங்கினால், அம்மனுக்கு முன் நிறுத்திக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ரோட்டில் இறக்க மாட்டார்கள். பூசாரி கண்ணாடியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே வந்து வரிசையாக நின்றார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒன்று கார் வாங்கியது அவர்களுக்கும் பெருமைதான். தேங்காய் உடைக்கிற உரிமை அண்ணனுக்கு. வெள்ளை வேட்டி கட்டி, தேங்காயைக் காருக்கு மூன்று தரம் சுற்றி, பம்பருக்கு முன்னால் கிடந்த கல்லில் உடைக்கக் கையை ஓங்கினார். கல் அவருடைய காலடியில்தான் இருந்தது. தேங்காய் கல்லின் ஓரத்தில் பட்டு, முழுசாக எம்பி, பொனட்டில் ஒரு இடி இடித்து, கண்ணாடியில் போய் விழுந்தது.

இடது பக்கம் முழுவதும் சிலந்தி வலை பின்னினாற்போல வெடித்துவிட்டது. பூசாரியின் கைமணி நின்றுபோனது. "அபசகுனம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னதும் எனக்குக் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாமி சன்னதி, சனம், மூத்தவர் என்று எதுவும் தெரியவில்லை.

"குடிச்சிட்டு வந்தீங்களா அண்ணே?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். வேட்டி நுனியில் கையைத் துடைத்தார். பிறகு, "கொஞ்சம்" என்றார்.

அப்பா குடித்தே செத்தவர். அன்றிலிருந்து அண்ணன் கல்யாண வீட்டில்கூடத் தொட்டதில்லை. இது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்தும் நம்பினேன். "நல்ல நாள்ல இப்படியா மானத்த வாங்குவீங்க?" என்று மேலும் நாலு கொடுத்தேன். அவர் கோயில் படியில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்ஷூரன்ஸ் நம்பருக்குப் போன் பண்ணினேன். வண்டியை அசைக்க வேண்டாம், வத்தேகமவிலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்தது. நம்முடைய ஆளே நம்முடைய வண்டியில் தேங்காயை அடித்தால் எவன் காசு தருவான்? புதுக் கண்ணாடி இருபத்தெட்டாயிரம் என்று கோயிலில் நின்ற ஒருவர் சொன்னார். முற்பணத்துக்கே முக்கி முனகினவள் அதற்கு எங்கே போக? முன்னால் போன லொறியிலிருந்து கல் தெறித்தது என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். தேங்காய்ச் சில்லு எல்லாவற்றையும் பொறுக்கிக் கோயிலுக்குப் பின்னால் போட்டேன். சந்தனத்தைத் துடைத்தேன். அண்ணனிடம் போய், "நீங்க வாயத் தொறக்கப்படாது" என்று உத்தரவு போட்டேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று படிப்பிக்கிற டீச்சர் செய்த வேலை இது.

வந்தவர் ஒரு சிங்கள இளைஞர். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சிவப்பு ஹெல்மட்டைக் கழற்றிக் காருக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். நாலு பக்கமும் படம் எடுத்தார். நான் சிங்களத்தில் என் லொறிக் கதையை ஒப்புவித்தேன். லொறியின் நிறத்தைக்கூடச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வைப்பரைத் தூக்கி, அதன் அடியிலிருந்து எதையோ இரண்டு விரலால் இழுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். தேங்காய்த் தும்பு.

"டீச்சர், லொறிக் கல்லுக்குத் தும்பு இருக்காதுதானே" என்றார், தமிழில்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தேங்காய் தவறிப் பட்டதும் விபத்துத்தான், அதற்கும் காசு வரும், பொய் எழுதினால்தான் வராது, நடந்ததை அப்படியே எழுதுங்கள் என்று சொல்லி, படிவத்தில் எழுத இடமும் காட்டினார். நான் பிழைத்தேன். உடைத்தவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் படியிலிருந்து எழுந்து நேராக வந்தார். பட்டப்பகலில், பச்சைப் புல்லில் கிடந்த அந்தச் சிவப்பு ஹெல்மட்டில் காலைக் கொண்டுபோய் முட்டினார். அது உருண்டு டயருக்கடியில் போனது.

"பாத்தீங்களா, இன்னும் தெளியல்ல" என்றேன் நான்.

அந்தப் பையன் அண்ணனுக்குக் கிட்டப் போய் நின்றார். "குடிச்ச வாசம் இல்லயே டீச்சர்" என்றார். பிறகு பேனாவை அண்ணனின் இடுப்பு உயரத்தில் நீட்டி, "ஐயா, இத எடுங்க" என்றார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தபடியே கையைக் காற்றில் துழாவினார். பையன் பேனாவை மெல்லத் தூக்கி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான் அண்ணன் பிடித்தார்.

"எங்க அப்பாவும் இப்படித்தான்," என்று அந்தப் பையன் சிங்களத்தில் சொன்னார். "வாசல்படியில் கால் தட்டும், கோப்பையைத் தட்டிக் கொட்டிவிடுவார். வயசு என்று சிரித்தோம். இப்போது அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை. திங்கட்கிழமையே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடியைப் பிறகும் மாற்றலாம்."

அண்ணன், "சரி தம்பி" என்று தலையாட்டினார். அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

சனிக்கிழமை வெடித்த கண்ணாடியோடேயே ஊர்ந்து ஊர்ந்து அக்குறணைக்குப் போனோம். அங்கே வாகனக் கண்ணாடி போடுகிற கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கண்ணாடி ஒன்று இருந்தது. போட்டுத் தரப் பதினெட்டாயிரம். இன்ஷூரன்ஸ் தொகைக்குள் அடங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னபோது, "தேங்கா கேஸ் எனக்கு மொதலாவது இல்ல டீச்சர். கிரிக்கெட் பந்துக்கு அடுத்தது தேங்காதான் ஈக்குது" என்றார். ஒருவர் காருக்குள்ளும் ஒருவர் வெளியிலுமாக நின்று, மெல்லிய கம்பியை இழுத்து இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். அது வாளறுக்கிற மாதிரி முனகியது. பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த, வாகன வரி கட்டியதற்கான வருமானப் பத்திரத்தை நானா பிளேடால் ஒரு மூலை கிழியாமல் உரித்துத் தந்தார். கூடவே நான் ஒட்டியிருந்த அம்மன் படத்தையும் அதே கவனத்தோடு உரித்து, புதுக் கண்ணாடியில் எங்கே ஒட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டு ஒட்டினார். எனக்கு அப்போதுதான் முதல்முறை அழுகை வந்தது. ஏன் அந்த இடத்தில் வந்தது என்று தெரியவில்லை.

"பச காயும் வரைக்கும் கதவ அடிச்சு மூடப்படாது புள்ள. உள்ள காத்து முட்டினா கண்ணாடி வெளிய தள்ளும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு ஜன்னலக் கொஞ்சம் எறக்கி வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அரை நாள் இருந்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். வலது கண்ணில் கொஞ்சம்தான் மிச்சம். இடது கண்ணில் கீழ்ப்பாதியும் ஓரங்களும் இல்லை. போனது வராது. இருப்பதை மருந்துவிட்டுக் காப்பாற்றலாம், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார். இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்.

காரில் ஏறியதும் கதவை ஓங்கி அடிக்க வேண்டும் போல ஒரு கோபம். பசை ஞாபகம் வந்தது. மெதுவாகச் சாத்தினேன்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?" என்றேன்.

"ஒரு வருஷம் இருக்கும்."

"அந்த லொறியில பொம்பளைங்க ஏறுறாங்களே, அண்ணே."

"அதுக்குத்தான் ஆறு மாசமா ஒருத்தரையும் ஏத்தல. கொழுந்து மட்டுந்தான்."

உண்மைதான். அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, நடந்து வாங்க என்கிறார் என்று பெண்கள் என்னிடமே குறைப்பட்டிருந்தார்கள். "ரோட்டுல போற வாற புள்ளைங்க?" என்று கேட்டேன். அவர் டாக்டரின் சீட்டை நாலாக மடித்தார். அப்படி ஓட்டியதற்காக நான் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. அவரும் மன்னிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

"அன்னிக்கு ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க?"

அவர் புதுக் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சவன ஒரு நாளைக்குத் திட்டுவாங்க. கண்ணு தெரியாத டிரைவர அன்னிக்கே எறக்கிருவாங்க. ஒனக்குக் காரு வாங்குற வரைக்கும் ஓட்டணும்னு நெனச்சேன். வாங்கியாச்சு, அடுத்த மாசம் விட்டுறலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இந்தத் தேங்கா காட்டிக் குடுத்திருச்சு."

நான் காரை எடுக்கவில்லை. என்னால் எடுக்க முடியவில்லை. பின்னால் நின்ற வேன்காரர் ஹோன் அடித்து அடித்து ஓய்ந்தார்.

தோட்டத்தில் அண்ணனுக்கு ஃபெக்டரிக்குள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறைவு, ஆனால் வேலை. இன்ஷூரன்ஸ் காசு ஒரு சதம் குறையாமல் வந்தது. அந்தத் தீபாவளிக்கு ஏஜென்டுக்கு ஒரு பெட்டி முறுக்கும், மோட்டார் சைக்கிள் தம்பிக்கு ஒரு பெட்டி முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி அதைத் தன் அப்பாவுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே கோயிலில் காருக்குப் பூசை. அதே பெண்கள், அதே சாக்கு. தேங்காயை நான் உடைக்கிறேன் என்றேன். அண்ணன் தரவில்லை. முழங்காலை மடித்து உட்கார்ந்து, இடது கையால் கல்லைத் தடவிப் பார்த்து, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே ஓங்கி அடித்தார். இரண்டு பாதியாகச் சீராகப் பிளந்தது.

எனக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கத் திட்டியவள், எல்லோருக்கும் கேட்கத்தான் அதை எடுக்கவும் வேண்டும். கற்பூரம் அணையுமுன் சொன்னேன்: "போன வருஷம் எங்க அண்ணன் குடிச்சிட்டு வந்து தேங்கா ஒடைக்கல. நாந்தான் அப்படிச் சொன்னேன். அவருக்கு அப்பவே கண்ணு சரியில்ல."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. முன் வரிசையில் நின்ற ஒரு அக்கா, அண்ணனின் லொறியில் ஏறாமல் ஆறு மாதம் நடந்தவர், சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அவரு குடிக்க மாட்டாருன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர். ஒங்களுக்குத்தான் தெரியல."