செவ்வாய்க்கிழமை கிடைக்காத மாத்திரை

சைதாப்பேட்டையில் எனக்கு முடி வெட்டுகிறவர் ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். கால் கட்டைவிரலில் புண். சர்க்கரை ஏறியதால் ஆறவில்லை. நாளெல்லாம் நின்று பிழைக்கிற மனிதர். புண்ணைப் பார்த்துக் கேட்டேன்:

“மாத்திரை போடறீங்களா?”

“எங்க சார், கவர்மென்ட் சுகாதார நிலையத்துக்குப் போறப்பெல்லாம் மாத்திரை இல்லன்றாங்கோ. மூணு மாசமா இதே பாட்டு. கடையில வாங்கி பாதி பாதியா முழுங்கிக்கினு கீறேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன்: சர்க்கரை மாத்திரை எந்தெந்த நாளில் இருந்தது, எந்தெந்த நாளில் கொடுத்தீர்கள்? கடைசியில் சூடாக இரண்டு வரியும் சேர்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, “இது மனுவா, சண்டையா?” என்றாள்.

நேரில் வந்து பதிவேட்டைப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. வரிந்துகட்டிக்கொண்டு போனேன். மருந்து கொடுக்கும் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பதிவேட்டை விரித்து வைத்தார். மாத்திரை ஒருநாள்கூடத் தீர்ந்துபோகவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் யாருக்கும் கொடுத்ததாகப் பதிவே இல்லை.

“செவ்வாய்க்கிழமை எனக்கு வேற சென்டர்ல டியூட்டி சார். அலமாரி சாவி என்கிட்ட. கேக்கறவங்களுக்கு இங்க ‘இல்ல’ன்னு சொல்லிடறாங்க போல.”

சலூனுக்கு வார விடுமுறையே செவ்வாய்தான். அவர் வேறு எந்த நாளில் போவார்! சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சூடான இரண்டு வரிகளுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்ல சார். அதைத்தான் எல்லாரும் சேர்ந்து படிச்சோம்.”

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாசலில் வெறுமனே தொங்கிய பலகையில் அப்போதே எழுதினார்: என்னென்ன மருந்து இருக்கிறது, எந்தெந்தக் கிழமை கிடைக்கும்.

நான் விஷயத்தைச் சொல்ல, மறுநாள் வியாழக்கிழமை, கடை திறக்குமுன் போய் முடி வெட்டுகிறவர் மாத்திரை வாங்கினார். புண்ணுக்குக் கட்டும் போட்டுக்கொண்டார். பலகையில் இருந்ததை அப்படியே எழுதி வந்து சலூன் கண்ணாடியில் ஒட்டினார். கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவன் படிக்காமல் எங்கே ஓடுவான்?

இரண்டு மாதம் கழித்துப் போனபோது, காத்திருந்த ஒருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“புண்ணு ஆறிப்போச்சு சார்” என்று, நின்றபடியே என் தலையில் கத்தரியை வைத்தார். சந்தோஷம் தாங்காமல் திரும்பிவிட்டேன்.

“ஆடாத சார், காது பூடும்!”