பாதி நிரம்பிய அண்டா

வேன் நின்றுவிடும், சாம்பார் நிற்காது. கிள்ளானிலிருந்து கல்யாண மண்டபங்களுக்குச் சாப்பாடு ஏற்றிப்போகும் வேலையில் சேர்ந்த முதல் மாதமே இதைத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் பல வருடங்கள் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிற பொருளைப் பார்த்து, அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிற வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்குகிற, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு வேறு வேலை எங்கே இருக்கிறது? வேன் ஓட்டத் தெரியும் என்பதற்காகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஓர் அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அக்கா தன் காரில் முன்னால் போய்விடுவார்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அண்டாவைப் பாதிக்கு மேல் நிரப்பவே மாட்டார். ஓர் அண்டாவில் அடங்கும் சாம்பாரை இரண்டாகப் பிரித்து ஊற்றி, மூடி போட்டு, துணியால் இறுக்கிக் கட்டுவார். இடம் விட்டால்தான் கொட்டாது என்பது அவர் கணக்கு. யாரும் மறுத்துப் பேசியதில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபாங் ஜெயாவில் சிவப்பு விளக்குக்குப் பிரேக் போட்டேன். பின்னால் மூடி தூக்கியடிக்கும் சத்தம் கேட்டது. மண்டபத்தில் கதவைத் திறந்தபோது வேனின் தரையெல்லாம் சாம்பார். முருங்கைக்காய் ஒன்று என் செருப்பில் வந்து விழுந்தது.

"ரோட்டுக்கு ஊத்தவா நான் இவ்ளோ நேரம் கிண்டுனேன்?" என்றார் மாஸ்டர். மீதியில் வெந்நீர் விட்டுச் சமாளித்தார். பந்தியில் ஒரு பெரியவர், "இது ரசமா, சாம்பாரா? முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் வெயிட் பண்றேன்" என்று கேட்க, வரிசையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"உன்மேல கோவம் இல்ல தங்கச்சி. ஆனா இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற டிரைவர்தான் பார்க்கணும். சாப்பாடு போனா என் பேரும் போகும் லா."

நான் வாளியும் துணியும் எடுத்துவந்து வேனின் தரையைக் கழுவினேன்.

மறுவாரம் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்தே என்னைத் துரத்தின. அப்படியும் துணி நனைந்திருந்தது. நல்லவேளையாகக் கொஞ்சம்தான். அக்கா பார்ப்பதற்குள் மாஸ்டர் வேறு துணி மாற்றிக் கட்டிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் ஒரு காலை, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரை வேனின் கொக்கியில் மாட்டிவிட்டு ஓட்டினேன். பிரேக் போட்டால் பை முன்னால் போகிறது. கிளம்பினால் பின்னால் சாய்கிறது. ஷா ஆலமின் வட்டச் சந்திகளில் நான் வலப்பக்கம் வளைய, அது இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது மட்டும், எவ்வளவு வேகமானாலும், அசையாமல் தொங்குகிறது. வேகத்தால் கொட்டவில்லை, வேகம் மாறும்போதுதான் கொட்டுகிறது. மூன்றாம் படிவத்தில் 'இனெர்சியா' என்று மலாயில் மனப்பாடம் செய்து எழுதியது இதைத்தானா? ஓடுகிற பொருள் ஏதாவது தடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்று எழுதியிருந்தேன். சாம்பார் என்று அதில் போட்டிருக்கவில்லை.

பிறகு தூரத்தில் விளக்கு சிவந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடப் பழகினேன். அண்டா வழுக்காமல் இருக்க அடியில் பழைய டயர் டியூப்பை விரித்தேன். ஆனாலும் திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் என்ன செய்வது? இருக்கைக்குக் கீழே உருண்டுகொண்டிருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்து ஆட்டிப்பார்த்தேன். பாதி குடித்ததில் தண்ணீர் ஓடிவந்து மூடியில் முட்டியது. திறக்காத பாட்டிலில் ஒன்றுமே நடக்கவில்லை. அதில் ஓட இடமில்லை.

அக்காவின் வழக்கமே தலைகீழ் என்று அப்போது புரிந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது? மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஷா ஆலமில் பெரிய கல்யாணம் இருந்த காலையில், அக்கா இரண்டாவது அண்டாவைக் கழுவச் சொன்னபோது, நான் வேனுக்குப் போனேன். பாட்டில்கள் இரண்டையும் எடுத்துப்போய் அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"என்னா தங்கச்சி, தண்ணி விக்கிறியா?"

"இல்லக்கா... ஒரே அண்டாவுல... நிறைய ஊத்துங்க. மூடி முட்டற வரைக்கும்."

"பாதி ஊத்தியே கொட்டுது. நிறைய ஊத்தினா வழிஞ்சிடாதா?"

"இடம் இருக்கறதாலதான் ஓடுதுக்கா. இடம் இல்லன்னா எங்க போகும்?"

மாஸ்டர் பாட்டில்களை வாங்கி அவரும் ஆட்டினார். "பொம்பள சொல்றதுல விஷயம் இருக்கு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "சரி. ஆனா கொட்டுச்சுன்னா கல்யாணப் பொண்ணோட அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லணும்."

வேலை போவதைவிட அது எனக்குப் பெரிய தண்டனை. சரி என்றேன்.

அண்டாவின் விளிம்புவரை ஊற்றி, மூடி போட்டு, துணி கட்டி, நான்கு பேர் சேர்ந்து ஏற்றினோம். சந்தி ஒன்றில் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று குறுக்கே புகுந்தது. பிரேக்கை முழுதாக மிதித்தேன். மாஸ்டர் முன்னால் போய் டேஷ்போர்டைப் பிடித்தார். பின்னால் இரும்பு ஒரு முறை முனகியது. அவ்வளவுதான். மண்டபம் வரும்வரை பெண்ணின் அப்பாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

மண்டபத்தில் அக்காதான் கதவைத் திறந்தார். துணியைத் தடவிப்பார்த்தார். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் கறை, மற்றபடி காய்ந்திருந்தது. தரையையும் குனிந்து பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம். எட்டு மணிக்கெல்லாம் வண்டி எடுக்கணும்" என்றார். நாலடி நடந்து திரும்பினார். "ரசத்துக்கும் அப்படியே செய்யணும். மாஸ்டர்கிட்ட நீயே சொல்லிடு."

போய்ச் சொன்னேன். சத்தமாக, ஒரே தடவையில்.