நனையாத நெற்றி

"இன்னும் நாலு விரக்கடை ஏறட்டும்" என்கிறாள் செல்வராணி. குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்துச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். மேடைக்கு அடியில்தான் ஞானஸ்நானத் தொட்டி. விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி மண்டியிட்டு, கையை எட்ட நீட்டி, ஆணி அடித்து அளவு குறித்த மூங்கில் குச்சியை அவள் உள்ளே விடுகிறாள். குச்சி தரையில் தட்டியதும் எடுத்து, நனைந்த இடத்தைப் பார்க்கிறாள். விரல் நுனிகூடத் தண்ணீரில் படுவதில்லை.

மோட்டார் சுவிட்சின் பக்கத்தில் சபையின் உதவிக்காரர் உதயசூரியன் நிற்கிறார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "ஏம்மா, ஆள முழுக்காட்டணுமா, கப்பல் விடணுமா?"

"மோட்டாரு ஒங்க வீட்டுதா அண்ணே? ஓடட்டும்."

இந்தப் பிடிவாதம் அவளுடைய பக்தி வைராக்கியம் என்றுதான் சபையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கீரனூரில் திருச்சி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பாப்டிஸ்ட் சபை அது. ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது பேர் வருவார்கள். கைக்குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இங்கே இல்லை. விவரம் தெரிந்த வயதில், தானாக விசுவாசித்து வந்தவரை, முழு உடம்பும் தண்ணீருக்குள் போகும்படி ஒரே ஒரு முறை முழுக்காட்டி எடுப்பார்கள். அது முடிந்தவர்தான் மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் திருவிருந்தில் அப்பம் எடுக்கலாம்.

செல்வராணிக்கு வயது ஐம்பத்துமூன்று. பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். முழங்கை வரை மாவில் கையை விட்டுக் கரைப்பாள். ஆனால் குளிப்பது கழுத்து வரைதான். தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வாள். முகத்தில் ஒரு சொட்டு வழியாமல் மகள் ஊற்ற வேண்டும். மகள் கல்யாணமாகி விராலிமலைக்குப் போனபின் தலைக்குளியல் பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. கண்மாய்க் கரை வழியாக நடந்தால் சபைக்கு ஏழு நிமிஷம். அவள் சாலை வழியாக இருபது நிமிஷம் நடக்கிறாள்.

கேட்பவர்களுக்கு இதற்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தீர்களா, யாராவது முங்கிச் செத்ததைப் பார்த்தீர்களா என்பார்கள். அவளிடம் கதை இல்லை. "விழவும் இல்ல, பாக்கவும் இல்ல. மாடு பாலத்தக் கண்டா மெரளுது. அதுகிட்டப் போயி ஏன்னா கேக்குறாங்க?"

பயம் வரும்போது முதலில் அவளுக்கு உள்ளங்கால் சில்லிடும். பிறகு மூச்சு மேலேறி நெஞ்சோடு நின்றுவிடும். உதடு வெளுக்கும். அந்த நேரத்தில் தைரியம் சொல்வது வீண். உட்கார வைத்து, காலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளும் இதே தொட்டியில் இறங்கினாள். மழை பொய்த்த வருஷம். போர் குழாய் காற்றைத் துப்பியது. டிராக்டரில் வந்த தண்ணீர் தொடை அளவுதான் நின்றது. அப்போதிருந்த போதகர் வயதானவர், முதுகுக்குப் பெல்ட் போட்டிருந்தார். எட்டுப் பேரில் இவள் கடைசி. அவர் பின்னால் சாய்த்தபோது இவளுடைய இடது கை தானாகப் போய்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கிக்கொண்டாள். தண்ணீர் மார்பை மூடியது, வாயை மூடியது, மூக்கு வரை வந்தது. கண்ணும் நெற்றியும் வெளியே நின்றன. அவள் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் சபையார் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். போதகர் முனகிக்கொண்டே தூக்கினார். துண்டைப் போர்த்தினார்கள், கை கொடுத்தார்கள். அவள் முன்மயிர் காய்ந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மறு வருஷம் அந்தப் போதகரும் இறந்துபோனார்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அவளுக்குப் பயம். தகுதியில்லாமல் எடுக்கிறவர் தண்டனையையே எடுத்துக்கொள்கிறார் என்று எச்சரித்துவிட்டுத்தான் போதகர் தட்டை அனுப்புவார். தட்டைத் தாண்ட விட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். எடுத்தால் மேலே இருப்பவர் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரைப் பற்றிய பயம்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள். மூன்று வருஷத்துக்கு முன் மகளுக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. டாக்டர் காரணம் சொன்னார். செல்வராணிக்கு அது காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் மகள் மறுபடி உண்டானாள். ஒவ்வொரு மாதம் தாண்டும்போதும் செல்வராணியின் முகம் ஒட்டிக்கொண்டே போயிற்று.

மகளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோதுதான் புதுப் போதகர் செம்மல் அவளைக் கூப்பிட்டார். முப்பத்தோரு வயதுக்காரர், தொண்டை தணிந்த பேச்சு. ஞானஸ்நானம் எடுக்கும் பெண்களைத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்க ஒரு பெண் கூடவே நிற்பது இந்தச் சபை வழக்கம். அதுவரை நின்றவர் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார்.

"அக்கா, அந்த எடத்துல இனி நீங்க நில்லுங்களேன். தொட்டிய ஒங்கள மாதிரி யாரு பாத்துக்கிறா?"

"யோசிச்சுச் சொல்றேங்கய்யா."

நான்கு நாள் யோசித்தாள். மாவில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். எதிர்வீட்டுக்காரி பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். "அக்கா, இட்லி கடல்ல வெந்த மாதிரி இருக்கு. ஒங்களுக்கு ஒடம்புக்கு ஆகலையா?"

புதன்கிழமை சாயங்காலம் அமுதவல்லி வீட்டில் ஜெபக்கூட்டம். அமுதவல்லிக்கு அறுபத்தெட்டு வயது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். கூட்டத்தில் வரிசையாக ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் மகனின் விசாவைச் சொன்னார், ஒருவர் சர்க்கரையைச் சொன்னார். செல்வராணியின் முறை வந்தது.

"நான் முழுகல" என்றாள்.

"எங்க?" என்றார் உதயசூரியன்.

"தொட்டியிலதான் அண்ணே. நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப. மூக்கு வரைக்குந்தான் போச்சு. நெத்தி நனையல."

உதயசூரியன் விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப பன்னண்டு வருஷமா நீ அப்பம் எடுத்துருக்க."

"எடுத்துருக்கேன்."

உதயசூரியன் கெட்டவர் அல்ல. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றிச் செல்லாதவர். "சபைக் கூட்டத்துல வச்சு முடிவு பண்ணணும் பாஸ்டர். நம்ம சபையில எதையும் கை தூக்கித்தான் முடிவு பண்றது."

"எத? நெத்தி நனைஞ்சுச்சா இல்லையான்னு ஓட்டுப் போடப் போறீங்களா?" என்றாள் அமுதவல்லி. "பேருக்கேத்த புத்தி."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செல்வராணி சிரிக்கவில்லை. அவள் உதடு வெளுத்திருந்ததை அமுதவல்லி பார்த்துவிட்டாள். எழுந்து வந்து கீழே உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

போதகர் கேட்டார்: "அன்னைக்கு மனசோட எறங்குனீங்களா அக்கா?"

"மனசோடதான். பயத்தோடயும். அதனாலதான் மக வயித்துல மொதப் புள்ள தங்கலையோன்னு இருக்கு."

"கர்த்தர் டேப்பு வச்சு அளக்குறவர் இல்ல. மகளுக்கு நடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமும் இல்ல. எனக்கு நீங்க எறங்குனதே போதும்."

"எனக்குப் போதலைங்களேய்யா."

போதகர் தலையசைத்தார். "அப்ப மறுபடி எறங்குங்க. எப்ப முடியுதோ அப்ப. நாங்க காத்திருக்கோம். தொட்டி எங்கிட்டும் போயிடாது."

விஷயம் வீட்டுக்கும் போயிற்று. கணவன் ஆண்டியப்பன் சபைக்கு வராதவர். டிவிஎஸ்ஸில் அவளை இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர். "தண்ணி படலன்னா இம்புட்டு அழுக? எங்க கோயிலுக்கு வந்திருந்தா அய்யரு தெளிச்சே விட்டுருப்பாரு" என்றார். சொல்லிவிட்டு மறுநாள் காலை மாவு வாளிகளை அவரே தூக்கி வைத்தார்.

அடுத்த முதல் ஞாயிறு அவள் தட்டைத் தாண்ட விட்டாள். யாரும் தடுத்ததால் அல்ல, தானாகவே. அவளுக்காக அமுதவல்லியும் பட்டினி கிடக்கவில்லை. தன் அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் இவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி அமுதவல்லி வீட்டு அடுப்படியில் நடந்தது. கடை ஓய்ந்த பிறகு காலை பதினொரு மணிக்கு, ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர். முதல் நாள் அதைப் பார்ப்பதோடு சரி. மூன்றாம் நாள் தாடை. ஐந்தாம் நாள் வாய், அன்று வாந்தி எடுத்தாள்.

"எடுத்தா நல்லதுதான். நாளைக்கு வெறும் வயித்தோட வா" என்றாள் அமுதவல்லி.

"முடியல அக்கா. எனக்கு விட்ருங்க."

"ஆப்பரேஷனுக்குப் போறவ எல்லாம் இதத்தாண்டி சொல்லுவா. பயத்த வெரட்டாத. அது பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்துருக்கட்டும். மூச்ச அடக்கிக்கிட்டு எறங்காத, வெளிய விட்டுக்கிட்டே எறங்கு. அஞ்சு எண்ணுறேன்."

பதினாறாம் நாள் மூக்கு உள்ளே போனது. கண் போகவில்லை. புருவத்தைத் தண்ணீர் தொடுகிற நேரத்தில் கழுத்து விறைத்துக்கொள்ளும். தலையில் கை வைத்து அமுக்கிவிட அமுதவல்லிக்கு ஒரு நொடி ஆகாது. அப்படிச் செய்தால் செல்வராணி அப்புறம் எந்தப் பாத்திரத்தின் பக்கமும் வரமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஞானஸ்நானம் நடந்த முதல் ஞாயிறு, மற்றப் பெண்கள் எல்லாரும் எடுத்து முடித்த பிறகு, செல்வராணி இரண்டு படி இறங்கித் திரும்பிவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்காகவே தொட்டியை நிரப்பினார்கள். இடுப்பு வரை இறங்கினாள். தண்ணீரின் அளவு அவள் குறித்தது, நெஞ்சு உயரம் ஏற்றி வைத்திருந்தாள், குறைக்கச் சொல்ல வாயில்லை. அதற்கு மேல் இறங்கவில்லை, போதகரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது உதயசூரியன் பக்கத்தில் வந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன மாசத்துக்கு ரெண்டு ஸ்டேஜு கூடுதலா வந்துருக்க" என்றார். "பாதி வழியில யாரையும் எறக்கிவிட்டுப் பழக்கமில்ல எனக்கு. நீ பாட்டுக்கு வா."

மூன்றாவது முறை இறங்கியபோது மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து பத்து நாள். பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்தவள், கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செல்வராணி முதல் நாளே அவளிடம் "வராத" என்றாள், "வந்தா முன்னாடி உக்காராத" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

ஞாயிறு பத்தேகால் மணி. போதகர் தொட்டிக்குள் நின்றார். மறுபக்கம் அமுதவல்லி, சேலையை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டு. செல்வராணி நான்கு படியும் இறங்கி நடுவில் வந்து நின்றாள். தண்ணீர் நெஞ்சில் தட்டியது. இயேசுவை விசுவாசிக்கிறீர்களா என்று போதகர் கேட்டார். "விசுவாசிக்கிறேன்" என்றாள். அவர் ஒரு கையை அவள் முதுகுக்குக் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்கய்யா."

அவர் இருந்தார். பின்வரிசையில் யாரோ பாட்டை எடுக்கப் போனார்கள். விளிம்பில் துண்டோடு நின்ற உதயசூரியன் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கூடம் முழுக்க அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. மேல்மூச்சு, அதில் பாதிதான் திரும்பி வந்தது. உதடு வெளுத்தது. ஐந்து நிமிஷம் போயிற்று. ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அமர்த்திவிட்டுத் திரும்பவும் வந்து நின்றாள். பத்து நிமிஷம். வீட்டுக்குக் கிளம்ப ஒருவரும் எழவில்லை.

"அக்கா, ஒங்களுக்குக் கால் வலிக்கும்" என்றாள் செல்வராணி, பல் கிட்டிக்க.

"எனக்கென்ன அவசரம். மூட்டுக்குத் தண்ணி எதமாத்தான் இருக்கு. நீ மெதுவா வா."

இன்னும் இரண்டு நிமிஷம்.

"ஐயா" என்றாள். "என் மொகத்தப் பாத்து எரக்கப்பட்டுத் தூக்கிறாதீங்க. நெத்திய மட்டும் பாருங்க."

"பாக்குறேன் அக்கா."

அவள் மூச்சை வெளியே விடத் தொடங்கினாள். விட்டுக்கொண்டே, தண்ணீருக்குள் துழாவி அமுதவல்லியின் வலது கையைத் தேடி எடுத்தாள். அதை விரித்துத் தன் நெற்றியின் மேல் வைத்து, அது நழுவாதபடி தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, விளிம்பைப் பிடிக்க ஒரு கையும் மிச்சம் வைக்காமல், பின்னால் சாய்ந்தாள்.