ஒழுகும் குழாயும் இடது பின்சக்கரமும்

என் ஜீப்பைப் பார்த்து யாராவது "இதை இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டால், "உங்களை உங்க வீட்ல இன்னும் வெச்சிருக்காங்களே, அது மாதிரிதான்" என்பேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படி வாயடைத்துப் போனவர்கள் ஏராளம். அதனால் அவர்கள் என்னை விட்டுவிட்டு என் மகனைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜீப் பழையதுதான், மறுக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கிற டீசல் வண்டி. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தபோது என் சம்பளத்தில் வாங்கினேன். அன்றைக்கு உறவுக்காரர்கள், "பொம்பளைக்கு எதுக்கு ஜீப்பு?" என்றார்கள். இப்போது, "வயசானவளுக்கு எதுக்கு ஜீப்பு?" என்கிறார்கள். இரண்டு தரமும் என்னிடம் ஒரே பதில்தான். ஓட்டுவதற்கு.

இந்த வருஷம் மழை தொடங்குகிற நேரத்தில் எனக்கு இடது மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். மழைக்காலம் முழுவதும் ஜீப் அடித்தள பார்க்கிங்கில் சும்மா நின்றது. அங்கே கூரையில் ஓடும் குழாய் ஒன்று, சரியாக என் வண்டியின் இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒழுகும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "மாடிசோணா மேடம்" என்பார். செய்துவிடலாம் என்று அர்த்தம். கன்னடத்தில் அவர் சொன்னதும் தமிழில் நான் திட்டியதும் போக, குழாய் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

கால் தேறியது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க போகணுமோ சொல்லும்மா, நான் கேப் புக் பண்றேன்" என்றான். நல்ல பிள்ளைதான், பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் பதிவு செய்கிற கேப் நான் போகிற இடத்தையெல்லாம் அவன் போனுக்குச் சொல்லிவிடும். சிவாஜிநகரில் துணி எடுக்க இறங்கினால் போதும், ஆபீசில் உட்கார்ந்தபடியே போன் போட்டு, "ஏம்மா அந்தக் கூட்டத்துக்குள்ள போய் மாட்டிக்கிற?" என்பான். நான் ஜீப் வாங்கியதே எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பத்தான். அதை அவனுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு, பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் அவன் பேசி வைத்திருப்பது தெரிந்தது. பூஜை முடிந்த மறுநாள் வந்து இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பூஜை அன்னிக்கு எல்லார் வண்டியும் எலுமிச்சம்பழத்து மேல ஏறும்ல? என்னுதும் ஏறும். ஏறலைன்னா சாவிய நானே உன் கையில குடுத்துடறேன். ஏறிடுச்சுன்னா, இனிமே விக்கற பேச்சே எடுக்கக் கூடாது. நான் எங்க போறேன்னு கேக்கவும் கூடாது."

"சரிம்மா" என்று உடனே ஒத்துக்கொண்டான். லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. சிரிப்புக்குக் காரணம் பூஜைக்கு முந்தைய நாள் சாவியைத் திருப்பினபோது புரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் முன்பே சாவி போட்டுப் பார்த்திருக்கிறான்.

"பேட்டரி போச்சு" என்றான் மகன். "ஸ்டார்ட்டர் போச்சு" என்றார் மூன்றாவது மாடிக்காரர். "வண்டியே போச்சு" என்றார் செயலாளர். பானெட்டைத் திறக்காமலே மூவரும் நோயைச் சொல்லிவிட்டார்கள். நான் மகனுடைய காரை அருகில் கொண்டுவரச் சொல்லி, அதன் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் அதே 'டக்'. நல்ல பேட்டரி கொடுத்தும் அதே சத்தம் என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, மின்சாரம் போய்வருகிற வழியில் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டுக் குற்றம் கண்டுபிடித்துத்தானே அத்தனை வருஷம் சோறு தின்றேன்.

எஞ்சினிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயரைத் தடவினேன். அது சட்டத்தில் சேருகிற இடத்தில் பச்சையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளக்கிற வரை தேய்த்து, மறுபடி இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியதே தவிர, பற்றிக்கொள்ளவில்லை.

பின்னால் போய்ப் பார்த்தேன். சைலன்சரில் துளி புகை இல்லை. டீசல் வந்து எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகையாவது வரும். புகையே இல்லை என்றால் டீசலே வரவில்லை, டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் தலையில் இருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கத்திலுள்ள கைப்பம்ப்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் நுரைதான் வந்தது. அப்புறம் குமிழி. விரல் மரத்துப்போன பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. போல்ட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பினேன். இருமிற்று, தும்மிற்று, ஒரு மேகம் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, பழையபடி கடகடவென்று பிடித்துக்கொண்டது. அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். மகன் சிரிக்கவில்லை.

அப்போதே நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் குடியிருப்புப் பெண்கள் எல்லா வண்டிக்கு முன்னாலும் பெயிண்டில் பெரிய பெரிய கோலமாகப் போட்டிருந்தார்கள், அது இன்னும் காயவில்லை. அதை அழிக்க மனம் வராமல் எஞ்சினை அணைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

பூஜை அன்று தரையையும் வண்டிகளையும் கழுவி விட்டிருந்தார்கள். தரை ஈரமாக வழுக்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் வாழைக்கன்று, மாலை, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். புரோகிதர் கற்பூரம் காட்டியதும் கார்கள் ஒவ்வொன்றாகப் பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னே போயின. மகனுடைய கார் சத்தமே போடாமல் பழத்தின் மேல் ஏறி இறங்கியது. கடைசியாக என் முறை.

எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். கிறீச்சென்று ஓர் அலறல். ரப்பர் எரிகிற நாற்றம். ஜீப் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எலுமிச்சம்பழம் முழுசாக அப்படியே இருந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு முறை முயன்றேன், அதே அலறல். செயலாளர் ஜன்னல் பக்கம் வந்து, "சும்னே யாக்கே தொந்தரே, மேடம்?" என்றார். சும்மா எதற்குத் தொந்தரவு என்கிறார்.

"தொந்தரே நந்து, நிமகேனு?" என்றேன். தொந்தரவு எனக்கு, உமக்கென்ன?

வாய் பேசிவிட்டதே தவிர, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டால், இனி வாழ்நாள் முழுக்க போகிற இடத்தைச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியதுதான். அதை நினைத்தபோதுதான் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். வலது சக்கரத்தைச் சுற்றிப் புகை. இடது சக்கரத்திடம் ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

அடப்பாவி! மழைக்காலம் பூராவும் அந்தச் சக்கரத்தை நனைத்திருக்கிறது அந்தக் குழாய். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே பிரேக் கட்டை துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இடது சக்கரம் பூட்டிக்கிடக்க, வலது மட்டும் ஈரத்தரையில் வீணாகச் சுற்றியிருக்கிறது.

கதவைத் திறந்து இறங்கினேன். மகன் பக்கத்தில் வந்து, "போதும்மா, விடு" என்று மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினான், சாவிக்காக. நான் அவனைத் தாண்டி, நொண்டிக்கொண்டே முன்சக்கரத்துக்குப் போனேன். இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் முன்சக்கரங்களுக்கு விசை போக வேண்டுமானால், அவற்றின் நடுவில் இருக்கும் குமிழை இறங்கிப் போய்க் கையால் திருகிப் பூட்ட வேண்டும். மூட்டு வலிக்க வலிக்கக் குனிந்து ஒன்றைத் திருகினேன். மறுபக்கம் போய் இன்னொன்றையும் திருகினேன். "சக்கரத்தைத் தொட்டுக் கும்பிடறாங்க போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை இழுத்தேன். இப்போது நான்கு சக்கரத்துக்கும் விசை, வேகம் குறைவு, இழுப்பு அதிகம். முதலில் ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கியது, துருப் பிடி விடவில்லை. முதல் கியர் போட்டேன். முன்சக்கரங்கள் தரையைப் பற்றி இழுத்தன. இடது பின்சக்கரம் சுற்றாமலே ஈரத்தரையில் தரதரவென்று இழுபட்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அடுத்த நொடி பின்னால் 'படார்' என்று ஒரு வெடி. செயலாளர் துள்ளிக் குதித்துத் தூணுக்குப் பின்னால் போனார். துருப் பிடி விட்டுவிட்டது. நான்கு சக்கரங்களும் உருண்டன.

நான் நிறுத்தவில்லை. பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்து, பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிடித்தது. சரிவில் ஏறிக் கேட் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன். மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"அந்தக் குமிழ் ரெண்டையும் பழையபடி திருப்பி விடு. எனக்குக் குனிய முடியல" என்றேன். குனிந்து திருப்பினான். புது வேட்டியில் கரி ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தவன், மூச்சு வாங்க, "எங்கம்மா போ..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான். அப்புறம், "எப்ப வருவ?" என்றான்.

அது பந்தயத்தில் இல்லை. அதனால் பதில் சொன்னேன். "சாப்பாட்டுக்கு வந்துடுவேன். அதுக்குள்ள அந்தக் குழாயைச் சரி பண்ணச் சொல்லு."

கதவிலிருந்து கையை எடுத்தான். எங்கே போனேன் என்று இதுவரை அவன் கேட்கவில்லை. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.