ஆயுத பூஜை போட்டோவில் அம்மா இல்லை

நல்லூர்ப் பக்கத்துப் பழைய பனியன் கம்பெனிகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் தன்னைப் பற்றி ஒரு வரியாவது வரவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் பனியன் மடித்தவள் அவள். அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிய என் தாய்மாமாவோ ஒரே போடாகப் போட்டார்: "அன்னைக்கெல்லாம் பொம்பளைங்க உள்ளயே வரமாட்டாங்க கண்ணு. உங்கம்மா கதை உடறா."

தங்கச்சி வேலைக்குப் போனதை வெளியே சொல்ல அவருக்கு இன்னும் கூச்சம். அது எனக்குத் தெரியும். தெரிந்தால் போதுமா? ஆதாரம் வேண்டுமே! "பெத்தவ சொல்றது உனக்குப் பத்தாதா?" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்காக ஊருக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயமா?

தேடியலைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு போட்டோ. ஆயுத பூஜையன்று எடுத்தது. முதலாளி வீட்டில் கெஞ்சி வாங்கி ஸ்கேன் செய்தேன். சந்தனம் பூசிய மெஷின், முன்னால் வரிசையாக ஆண்கள், நடுவில் மாமா. ஒரு சேலை நுனிகூட இல்லை. எரிச்சலாக வந்தது.

மூடப்போகும்போதுதான் முகங்களை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். அட, மாக்கோலம்! பாதிதான் தெரிந்தது. பெரிதாக்கினேன். பூவுமில்லை, புள்ளியுமில்லை. ஒரு வட்டம், அதைச் சுற்றி ஊசிகள், மேலே நூல்கோன்கள். மெஷினையே கோலமாகப் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது? மீசை முறுக்கிய இந்த ஆம்பளைகளா?

போட்டோவைக் காட்டிவிட்டுக் கேட்டால் சாட்சி கெட்டுவிடும். அதனால் சும்மா கேட்பதுபோல், "பூஜைக்குக் கம்பெனியில நீ என்னம்மா செய்வே?" என்றேன்.

"கூட்டிக் கழுவிட்டு நாந்தான் கோலம் போடுவேன்."

"போட்டுக் காட்டும்மா."

வாசலில் போட்டாள். வட்டம். ஊசிகள். கோன்கள். போட்டோவில் இருந்த அதே மெஷின்.

மாமாவை வரவழைத்து இரண்டையும் காட்டினேன். மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அம்மாவிடம் திரும்பினார். "போட்டோ எடுக்கறப்ப நீங்கெல்லாம் எங்க போனீங்க?"

"பின்னால பொரி பொட்டலம் கட்டிட்டு இருந்தோம்ங்ண்ணா. எங்களை யாருங்க கூப்பிட்டா?"

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஈரங்கூடக் காயல. அதுக்குள்ள கோலத்து மேல ஏறி நின்னிருக்கீங்க பாருங்க."