ஒரே கோட்டில் ஒன்பது அதிகாரிகள்

அந்தத் தெருவில் அவரைப் பொத்தான் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கிற ஒரு சின்ன அறையில் இருபத்தாறு வருடம் துணி திருத்திக் கொடுத்தவர். புதுத்துணி தைக்க மாட்டார். இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, அறுந்த பொத்தானுக்கு அதே ஜோடியைத் தேடிப் பிடித்து வைப்பது, இவைதான் அவர் வேலை.

ஒருமுறை நாடகக் குழு ஒன்று பழைய ராணுவக் கோட்டைக் கொண்டுவந்து, விழுந்துபோன நான்கு பொத்தான்களை வைத்துத் தரச் சொன்னது. எந்த மாதிரிப் பொத்தான் என்று கொண்டுவந்தவர்களுக்கே தெரியவில்லை. அக்கா பழைய பேப்பர் கடைக்குப் போனார். அங்கே கட்டுக்கட்டாகக் கிடந்த போர்க்காலப் புகைப்பட அஞ்சலட்டைகளைப் புரட்டி, அதே கோட்டைப் போட்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். வேலை முடிந்தது. ஆனால் அடுத்த வாரமும் அந்தக் கடைக்குப் போய்ப் பத்து அட்டைகள் வாங்கி வந்தார். அப்படித்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது.

அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஸ்டூடியோவில் நின்று படம் எடுத்து, அதையே அஞ்சலட்டையாகப் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். முன்பக்கம் ஆள், பின்பக்கம் நலம், நலமறிய ஆவல். பெரிய தளபதிகளின் படங்களைக் கடைகளிலும் விற்றார்கள். பெரும்பாலான அட்டைகளில் பெயர் இருக்காது. அக்காவுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. காலரையும் தோள்பட்டையையும் பொத்தானையும் பார்த்தே எந்தப் படை, எந்த வருடம், என்ன பதவி என்று சொல்லிவிடுவார். பழைய அட்டை சேர்ப்பவர்கள் தேடி வந்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வோர் அட்டையோடும் அவர் கையால் எழுதிய சீட்டு ஒன்று போகும். ‘கேப்டன், காலாட்படை, போரின் மூன்றாம் ஆண்டு’ என்கிற மாதிரி. அந்தச் சீட்டை நம்பித்தான் வாங்கினார்கள்.

வீட்டிலும் அட்டைகள் போட்ட பிஸ்கட் டின்கள் நிறைந்துவிட்டன. அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டில் யூனிஃபார்ம் இல்லாத ஒரே ஆம்பளை நான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாரம் தவறாமல் வருகிறவர் ஒரு பல் டாக்டர். இத்தனை வீரர்களில் ஒருவராவது பல் தெரியச் சிரிக்கிறாரா பாருங்கள், எல்லாரும் என் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறார்கள் என்பது அவருடைய பழைய ஜோக். துறைமுக ஊர் ஸ்டூடியோ ஒன்று வெளியிட்ட ஆறு தளபதிகள் வரிசையில் ஐந்து அவரிடம் இருந்தன. ஆறாவதை யாருமே பார்த்ததில்லை.

அது ஒருநாள் காலையில், ஏலத்தில் எடுத்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடைத்தது. அக்கா டாக்டருக்குப் போன் செய்தார். சாயங்காலமே வந்துவிடுவதாகச் சொன்னார் அவர். சீட்டு எழுதுவதற்காக அக்கா லென்ஸை எடுத்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. மூன்றாவது பொத்தானில் பொறித்திருந்த கிரீடம் தலைகீழாக இருந்தது. இடது பை மூடியில், கிழிசலை இழுத்துப் பிடித்த குறுக்குத் தையல். யாரோ அவசரத்தில் போட்ட மோசமான தையல். அதை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

டின்னைக் கவிழ்த்துத் தேடினார். அதே பொத்தான், அதே தையலோடு இன்னோர் அட்டை கிடைத்தது. உள்ளே இருந்த ஆள் வேறு. பின்னால் அதே ஸ்டூடியோவின் முத்திரை. விற்ற அட்டைகளுக்கு நகல் எடுத்து ஒட்டி வைத்திருந்த நோட்டைப் புரட்டினார். அதில் இன்னும் ஏழு பேர். கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம், தோள்பட்டைச் சின்னத்தை மட்டும் மாற்றி மாற்றி வந்தவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறார்கள். தளபதியின் படம் கிடைக்காததால் யாரையோ நிறுத்தி, கீழே பெயரை அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் வந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டினார். டாக்டர் ரொம்ப நேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? தளபதின்னே எழுதிடுங்கக்கா. எனக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது டாக்டர்.”

அவர் அட்டையை வாங்காமலே போனார். அதன்பிறகு வரவும் இல்லை.

டாக்டர் போனதுகூட அக்காவுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஏழு பேர்தான் உறுத்தினார்கள். தன் கையெழுத்தில் ஏழு பொய்கள் ஏழு வீடுகளில் இருக்கின்றன. வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். நிம்மதியாக இருப்பவர்களை ஏன் தட்டி எழுப்ப வேண்டும் என்று கணவர் கேட்டார். கேட்டுவிட்டு, ஏழு உறையிலும் தபால்தலையை அவரே ஒட்டினார்.

இரண்டு அட்டைகள் திரும்பி வந்தன. ஒருவர் திட்டி எழுதினார். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஏழாவது ஆள் நேரில் வந்தார். அவர் ஓய்வுபெற்ற நர்ஸ், எழுபதை நெருங்கிய பெண். கைக்குட்டையில் சுற்றிய அட்டையை மேசைமேல் வைத்தார். அக்கா பணம் எடுக்க எழுந்தார். அதற்காக வரவில்லை, உட்காருங்கள் என்றார் நர்ஸ்.

படத்தில் இருப்பவர் அவருடைய தாய்மாமன். இதே படம் அவர்கள் வீட்டிலும் இருந்து, வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே பார்த்ததும் அடையாளம் தெரிந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போயிருக்கிறார்.

“மாமா பட்டாளத்துக்குச் சமையல்காரரா போனாருன்னுதான் அம்மா கடைசி வரைக்கும் சொன்னாங்க. சின்ன வயசுல அந்தப் படத்துல கோட்டை யார் கவனிச்சா? நீங்க கேப்டன்னு எழுதிக் கொடுத்ததும், கூடப் பிறந்த அண்ணனையே குறைச்சுச் சொல்லியிருக்காங்களேன்னு எனக்கு அம்மா மேல கோபம். செத்துப்போனவங்க மேல ரெண்டு வருஷமா கோபம். உங்க லெட்டர் வந்த அன்னைக்குத்தான் அது போச்சு.”

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார் அக்கா.

“அதெல்லாம் வேணாம். சீட்டை மாத்தி எழுதிக் கொடுங்க. சமையல்காரர்னு எழுதுங்க.”

அக்கா லென்ஸை எடுத்தார். இந்த முறை கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டின் கை அந்த ஆளுக்கு இரண்டு விரல் குட்டை. அதற்குக் கீழே, மணிக்கட்டில், திட்டுத்திட்டாக ஏதோ தெரிந்தது. நர்ஸ் குனிந்து பார்த்தார். கொதிக்கிற எண்ணெய் தெறித்த தழும்பு, நான் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன் என்றார். விற்பதற்கு முன் நான்கு மாதம் தன் டின்னில் இருந்த அட்டை. அந்தக் கை ஒருநாளும் அக்காவின் கண்ணில் பட்டதில்லை.

“நீங்க பொத்தானைப் பார்த்தீங்க” என்றார் நர்ஸ். அதில் குத்தல் எதுவும் இல்லை.

புதுச் சீட்டில் ‘ராணுவச் சமையல்காரர். கோட்டு ஸ்டூடியோவுடையது. அடையாளம் சொன்னவர், தங்கை மகள்’ என்று எழுதி, நர்ஸ் சொன்ன மாமாவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். நர்ஸ் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து டாக்டரும் திரும்பி வந்தார். மீதி ஐந்து பேர் நிஜம் என்று மட்டும் நான் எங்கே கண்டேன் என்று சிரித்துக்கொண்டே, ‘தளபதி என்று அச்சிடப்பட்டவர், யாரென்று தெரியவில்லை’ என்ற சீட்டோடு ஆறாவது அட்டையை வாங்கிப் போனார்.

அக்கா இன்னும் அட்டை விற்கிறார். இப்போதெல்லாம் ஒரு கட்டு வந்தால், எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கிறார். பெரும்பாலும் விற்பவருக்குத் தெரிவதில்லை. ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை.