பிழை அவளுடையதுதான், சேர்

தலைமை ஆசிரியர். அவருக்கு அடுத்த நிலையில் ஒரு ஆசிரியை. பள்ளிக்கூடத்தை நடத்தும் டிரஸ்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார லேடி. என் மனைவி. மகள் அபிரா, வயது பதினாலு. பிறகு நான்.

போன செவ்வாய்க்கிழமை, லண்டன் செவன் கிங்ஸில் மகளின் பள்ளிக்கூடம். அவளை வைத்திருப்பதா, நிற்பாட்டுவதா? அதுதான் பேச்சு.

என்ன குற்றம்? காலையில் பிந்திப் போனதற்கு டிட்டென்ஷன் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் இருக்கவேண்டும். அவள் இருக்கவில்லை. அதற்கு இன்னொரு டிட்டென்ஷன். அதற்கும் இருக்கவில்லை... இப்படியே.

கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததுமே கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். "அது அகடமி, எங்களுக்குக் கீழே இல்லை. ஒழுங்கு விதியெல்லாம் டிரஸ்ட்தான் போடும். அவர்களோடு பேசுங்கள்" என்றார்கள்.

பேசினேனா? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாத்தியாரைக் கண்டால் இன்றைக்கும் எழும்பி நிற்பேன். நின்றேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன் — "பிழை அவளுடையதுதான், சேர். என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள்."

டிரஸ்ட் லேடி அதை எழுதிக்கொண்டார்.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோப்பா! நீங்கள் என்ன, அவையின்ரை ஆளோ?"

லேடி மகளைப் பார்த்தார். "ஏன் நீ இருக்கவில்லை?"

இரண்டாம் முறை கேட்டபோதுதான் மகள் வாய் திறந்தாள். "தம்பியைக் கூட்டிவர வேண்டும்."

மகனுக்கு ஆறு வயது. அவனுடைய பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். அந்நேரம் நான் கடையில் வேலை, மனைவி முதியோர் கேர் ஹோமில். கூட்டி வருவது இவள்தான்.

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன் தமிழில்.

"சொன்னா நீங்கள் ஷிப்டை கான்சல் பண்ணுவீங்கள், அப்பா. பிறகு ஷிப்ட் தரமாட்டாங்கள்."

பள்ளிக்கூட ஆப்பை என் போனில் போட்டுத் தந்தவள் அவள். அதில் டிட்டென்ஷன் மெசேஜ் வராமல் நிற்பாட்டி வைத்தவளும் அவளே.

திரும்பவும் எழும்பினேன். இந்தமுறை இங்கிலீஷ் வரவில்லை. "பிழை எங்கடை. பிள்ளையை வைச்சிருங்கோ." மகள்தான் மொழிபெயர்த்தாள். 'பிழை எங்கடை' என்றதை விட்டுவிட்டாள். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்.

எங்களை வெளியே இருத்தினார்கள். இருபது நிமிடம்.

வைத்துக்கொள்வார்களாம். டிட்டென்ஷனை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றித் தந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். முதல்நாளே ஏனென்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவர்களை மட்டும் சொல்லி என்ன... நான் கேட்டேனா?

ஆனால் அவள் இருக்காமல் விட்ட டிட்டென்ஷன் எல்லாம் இருந்து முடிக்கவேண்டும்.

பதினேழு.